தோல் கன்று

என்னோடு ஒரகடத்தில் ஒரே ஷிஃப்ட் பார்க்கிற நண்பனின் வீட்டுக் கூடத்தில் ஒரு மான் தலை மாட்டியிருக்கிறது. தாத்தா காலத்து ஐட்டம். ஒரு காதைப் பூச்சி அரித்துவிட்டது, ஒரு கண்ணாடிக் கண் விழுந்து எங்கோ போய்விட்டது. "இத ரிப்பேர் பண்றவங்க யாராச்சும் இருக்காங்களாடா?" என்று போன மாசம் கேட்டான்.

தேடிப் பார்த்தேன். தென்னிந்தியாவில் இந்த வேலைக்கு ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன பெயர் மைசூர் வான் இங்கன். 1900 வாக்கில் தொடங்கிய குடும்பத் தொழில். அப்பா தன் பிள்ளைகளுக்கு போத்தா, ஜூபர்ட், டி வெட் என்று போயர் யுத்தத் தளபதிகளின் பெயர்களை வைத்தார். வேட்டைக்காரர்கள் உப்புத் தடவிய தோலை அனுப்பிவைப்பார்கள். இவர்கள் அதைப் பதப்படுத்தி, அச்சில் வார்த்த காகிதக்கூழ் உடம்பின் மேல் போர்த்தித் தைத்து, கண் வைத்து, உறுமுகிற வாய் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இவர்கள் கையால் போன புலி, சிறுத்தை மட்டும் 40,000-ஐத் தாண்டும் என்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கடை மூடியது. ஜூபர்ட் வான் இங்கன் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2013-இல் இறந்தார்.

காரணம் தெரிந்ததுதான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மான், பறவை போன்ற சிறு வேட்டைகளுக்கு லைசென்ஸ் வாங்க அதற்குப் பிறகும் கொஞ்சம் இடம் இருந்தது; 1991 திருத்தம் அதையும் அடைத்தது. தாத்தா விட்டுப்போன தலைக்கும் உரிமைச் சான்றிதழ் வேண்டும். கணக்குக் காட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். நண்பன் வீட்டில் யாரும் போய் எழுதிக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு உயிரைக் கொன்று அதை அழகுப்பொருளாகச் சுவரில் மாட்டுவது எவ்வளவு கேவலம் என்று பத்து நிமிஷம் லெக்சர் அடித்தேன். அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "உங்க வீட்லகூட ஒரு கன்னுக்குட்டிக்குள்ள வைக்கோல் அடைச்சு வெச்சிருந்தீங்களே, அது இன்னாடா?"

எனக்குப் பதில் வரவில்லை.

குன்றத்தூரில் எங்கள் வீட்டில் பால் வியாபாரம். நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு மாட்டின் கன்று பிறந்த பதினைந்தே நாளில் செத்துப்போனது. நாட்டு மாடு கன்று முட்டாமல் சுரக்காது. கன்றின் வாசனை, அதை நக்கும் நாக்கு, இவைதான் மாட்டின் மூளையில் ஆக்ஸிடோசினைத் திறந்துவிடுகின்றன. அப்புறம்தான் பால் இறங்கும். அதனால் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தடவி உலர்த்தி, உள்ளே வைக்கோல் திணித்து, கோணி ஊசியால் தைப்பார்கள். கால் இருக்காது. முகம் ஏதோ முகம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் சைக்கிள் கேரியரில் இதைக் கட்டிக்கொண்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுத்த பால்காரர்களைச் சென்னையில் பலர் பார்த்திருப்பார்கள்.

தோலை உரித்துத் தைத்துக் கொடுத்தவர் தெருக்கோடியோடு நின்றுவிடுவார். என் அப்பாவைவிட மூத்தவர். எட்டு வயசுப் பையன் நான் அவரை "வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். யாரும் திருத்தவில்லை.

தினமும் விடியற்காலையில் அந்தக் கன்றை மாட்டுக்கு முன்னால் பிடிப்பது என் வேலை. ஆயா தோலின்மேல் உப்புத் தண்ணீர் தெளிப்பாள். "கொஞ்சம் ஆட்டுடா கண்ணு" என்பாள். ஆட்டுவேன். மாடு நக்கும். நக்கி நக்கி ரெண்டு மாசத்தில் முதுகில் முடியே இல்லாமல் போய்விட்டது. ஒருநாள் நான் எடுத்துவர மறந்துவிட்டேன். ஆயா சொம்பு கழுவின சத்தத்துக்கே பால் இறங்கிவிட்டது. இனிமேல் இது தேவையில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் ஆயா மறுபடியும் எடுத்துவரச் சொன்னாள்.

"அதான் பால் வருதே ஆயா?"

"அதுக்கு ஒரு ஆறுதல் வேணாமாடா?"

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாட்டுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தும் நக்கியதென்றால் அங்கே ஏமாந்தது யார்? எழவு வீட்டில் போட்டோவுக்கு மாலை போட்டுப் பேசுகிற நம்மை யாரும் முட்டாள் என்பதில்லை. பின்னாளில் சில கறவைக்காரர்கள் கன்றே வேண்டாம் என்று நேராக ஆக்ஸிடோசின் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஊசியோடு ஒப்பிட்டால் எங்கள் தோல் கன்றில் ஒரு மரியாதை இருந்தது. அப்படித்தான் நண்பனிடம் வாதாடலாம் என்று யோசித்து வைத்திருந்தேன்.

ஆனால் கேள்வி தோலைப் பற்றியதில்லை. கன்று எப்படிச் செத்தது?

கழிச்சல் என்றுதான் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அது காளைக்கன்று. ஒரு காம்பைக் கன்றுக்கு விட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அந்தக் கோடையில் அந்த ஒரு காம்பையும் கறந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். அந்தப் பால் காசில்தான் என் ஸ்கூல் ஃபீஸ் போனது. நண்பனின் தாத்தா தான் கொன்றதை ஊரறியச் சுவரில் மாட்டினார். நாங்கள் "செத்துப்போச்சு" என்று சொன்னோம். அவர் செய்தது நியாயம் என்று சொல்ல வரவில்லை; பொழுதுபோக்குக்குக் கொல்வதும் வயிற்றுப்பாட்டுக்குப் பட்டினி போடுவதும் ஒன்றில்லை. ஆனால் மானுக்கும் கன்றுக்கும் இந்த வித்தியாசத்தால் என்ன லாபம் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்தான் சேக்கிழார். அவர் எழுப்பிய திருநாகேஸ்வரம் கோயிலைத் தாண்டித்தான் சின்ன வயசில் பால் கேனோடு போவோம். கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அடித்ததையும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதையும் பெரிய புராணத்தில் பாடியவர் அவர். கதையின் முடிவில் சிவன் கன்றை எழுப்பிக் கொடுத்துவிடுகிறார். பசு அதோடு சமாதானமாகியிருக்கும். நாங்களும் ஒரு கன்றை எழுப்பித்தான் கொடுத்தோம், வைக்கோலால். எங்கள் மாட்டுக்கு அடிக்க மணி எதுவும் இல்லை. அது நக்கியது.

கறவை நின்றபிறகு ஆயா தையலைப் பிரித்து, வைக்கோலை எருக்குழியில் கொட்டிவிட்டு, தோலை மட்டும் தென்னை மரத்தடியில் புதைக்கச் சொன்னாள். அந்த இடத்தில் இப்போது ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நண்பனை வனத்துறை ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிடச் சொன்னேன். "பாக்கலாம்" என்றான். இன்னும் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது மானுக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.