செவியும் செய்கையும்

தர்க்கத்தால் திறவாத நெஞ்சையும் கதையாலும் கானத்தாலும் திறக்க வல்லது காலட்சேப மேடையின் வாக்கு என்பதற்குக் காவிரி நாடே சாட்சியாகும். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு நிலக்கிழாரை, பண்ணையாள் நந்தனாருக்குச் சிதம்பரம் செல்ல எளிதில் விடைகொடாத வேதியரைச் சிருஷ்டித்து, கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரத்தைக் கேட்டு, மிராசுதாரர் மலிந்த இந்நாட்டுச் சபைகளே உருகி நின்றன. ஆயினும், அந்த உருக்கம் களத்துமேட்டை எட்டியதா? மன்னார்குடியை உள்ளிட்ட அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களைக் காக்க 1952-இல் சட்டமே பிறக்க வேண்டியிருந்தது. ஆதலின், அன்பரே, உபந்நியாசம் கேட்டுக் கனிந்த உள்ளத்தோடு அமைந்துவிடாமல், மறுநாட் காலையிலேயே, நமக்காக உழைப்போருக்கு உரிய கூலியையும் மரியாதையையும் குறைவின்றி அளிப்போமாக!