அந்தக் கோடு யாருக்கு?

சபாவின் வடக்கே, கூடாட் பக்கம், 2016-ல் துன் முஸ்தபா பூங்கா அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 9 லட்சம் ஹெக்டர் கடல், 50-க்கும் மேற்பட்ட தீவுகள். 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காக்க வேண்டும் என்று 2022-ல் மொண்ட்ரியலில் உலக நாடுகள் முடிவெடுத்தன. ஆக, இன்னும் பல இடங்களில் இப்படிக் கோடு போடுவாங்க.

நல்லதுதானே! ஆனா அதுக்கு விலை கொடுப்பது யார்? கோலாலம்பூரில் இருக்கிற நமக்கு நஷ்டமே இல்லை. சின்னப் படகை நம்பி வாழும் தீவுக்காரருக்கு அது அன்றாடச் சோறு. அடுத்தவர் வயிற்றைக் கட்டி நாம் புண்ணியம் தேடினால், அது தர்மமா?

அதற்காகக் கோடே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மீன் அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பவரும் அவரேதான்.

துன் முஸ்தபாவில் கடல் முழுவதையும் மூடவில்லை. சில பகுதிகளில் மீன் பிடிக்கவே கூடாது. சிலவற்றில் கிராமத்தவர் பிடிக்கலாம். நம்ம கோயில் மாதிரிதான்: கருவறைக்கு ஒரு விதி, பிரகாரத்துக்கு ஒரு விதி. மூடிய பகுதியில் பெருகும் மீன் வெளியிலும் வரும்.

ஆனா பவளப்பாறை மீன்களைப் பிடிக்கத் தூண்டுவது உணவகத் தொட்டியில் உயிரோடு நீந்தும் கெராப்பு மீனுக்கு நாம் கொடுக்கும் விலையும்தான். அகிம்சை பேசும் நாம், மீனவருக்குப் போடும் கோட்டை நம்ம தட்டிலும் போடணும். அப்பத்தான் அது நியாயம்.