குணம் எதன்பால் உள்ளது?

நன்மையும் தீமையும் ஒரு பொருளின் சுபாவத்திலேயே உறைபவையா, அன்றி அது நிற்கும் ஸ்தானத்தையும் அதற்கு வாய்த்த சம்பந்தத்தையும் பற்றி எழுபவையா என்னும் கேள்வியை வேதாந்திகளிடமே விட்டுவிடாமல், நம் குடலுக்குள் வாடகையின்றிக் குடியிருக்கும் ஒரு ஜீவனிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2004-ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்து வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் முரியல் டெரியன் என்ற அம்மையாரும் அவர்தம் சகாக்களும் இந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, ஆக்கர்மன்ஸ் என்னும் டச்சு விஞ்ஞானியைக் கௌரவிக்கும் பொருட்டு ‘அக்கர்மான்சியா மியூசினிஃபிலா’ என்று பெயரிட்டார்கள். சளியை விரும்புவது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். குடற்சுவரைப் போர்த்திக் காக்கும் சளிப்படலமே இதன் ஆகாரம். நாம் உண்டாலும் உபவாசமிருந்தாலும் இதற்கு அன்னம் தட்டுவதில்லை. வீட்டுச் சுவரைச் சுரண்டித் தின்னும் குடியிருப்பவனை எவரும் நல்லவன் என்று சொல்லமாட்டார். ஆயினும், கொழுப்புமிக்க தீனியால் பருத்த எலிகளுக்கு இதனைக் கொடுத்தபோது, மெலிந்துபோயிருந்த அந்தச் சுவரே மீண்டும் தடித்தது என்று பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்துப் பாட்ரிஸ் கானியின் குழுவினர் 2013-இல் கண்டனர்.

அதனினும் வியப்பானது பின்னர் நடந்தது. உடல் பருத்து, இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலையிலிருந்த மனிதர்களுக்கு அதே குழுவினர் மூன்று மாத காலம் நாள்தோறும் ஆயிரம் கோடி நுண்ணுயிர்களைக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, உயிருள்ளவற்றைவிட, 70 டிகிரி வெப்பத்தில் சூடேற்றிக் கொல்லப்பட்டவையே இன்சுலின் நன்கு வேலை செய்யவும் கொலஸ்டிரால் குறையவும் அதிகம் துணைபுரிந்தன. முழுக்கப் பரீட்சிக்கப்பட்டவர் 32 பேரே என்பதையும், உடல் எடை உறுதியாகச் சொல்லத்தக்க அளவு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஜீவனின் புறத்தோலிலுள்ள ஒரு புரதம் 70 டிகிரியைத் தாங்கி நிற்கிறது. கொதிநிலைக்கு மேலே அழுத்தத்தில் வேகவைத்தாலோ பலன் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஜீவன் போனபின்னும் குணம் நிற்குமானால், அக்குணம் ஜீவனுடையதா, உடலுடையதா? ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் உறையும் என்று ‘நிகோதம்’ பேசிய சமணரும், காய்ச்சிய நீரையே பருகும் அவர்தம் துறவியரும் இதைக் கேட்டால் என்ன தீர்ப்புக் கூறுவரோ!

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். நார்ப்பொருள் அறவே நீக்கிய உணவு எலிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, இந்த ஜீவனும் இதன் தொழிலையே செய்யும் வேறு சில கிருமிகளும் பெருகிச் சளிப்படலத்தை அரித்துவிட, வெளியிலிருந்து வந்த நோய்க்கிருமி குடலில் எளிதாகப் புகுந்தது என்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பார்க்கின்சன் நோயாளர் குடலில் இது மிகுந்து காணப்படுவதும் பலமுறை பதிவாகியுள்ளது. நோய் இதனை வரவழைத்ததா, இது நோயை வரவழைத்ததா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆகவே, கீரையும் பருப்பும் தானியமும் உண்பவன் வயிற்றில் காவற்காரனாயிருப்பதே, அவற்றைத் துறந்தவன் வயிற்றில் கன்னக்கோல் ஏந்தக்கூடும். குணம் கிருமியில் இல்லை, சம்பந்தத்தில் இருக்கிறது என்பதே என் துணிபு. அக்கிருமியைச் சீசாவில் அடைத்து விற்போர் சம்பந்தத்தையும் உடன் அடைத்துத் தர இயலாது. தயிரிலுள்ள கிருமிகளால் ஆயுள் நீளும் என்று நம்பி அதனை நாள்தோறும் பருகிய மெச்னிகாஃப் என்னும் ருஷ்ய மேதை, நோபல் பரிசு பெற்றவராயினும், 71 வயதில் காலமானார்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அக்கர்மான்சியாவைப் பாதுகாப்பானதென்று ஏற்றபோது, வெப்பத்தால் கொல்லப்பட்ட வடிவத்தை மட்டுமே, அதுவும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலான பெரியோருக்கு மட்டுமே ஏற்றது.