"போச்சு" என்று சொல்ல வைத்தேன்



நம் சபையில் ஒரு சகோதரி. தையல் மிஷினில் உட்கார்ந்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஆறு வருஷமாக இடுப்புவலி. ஸ்கேன் எடுத்தார்கள், ரிப்போர்ட் நார்மல். ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். வீட்டிலோ, "வேலை செய்யாம இருக்க சாக்கு" என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? உபவாச ஜெபத்தில் கைவைத்து ஜெபித்தேன். "விசுவாசத்தோட சொல்லுங்கம்மா, வலி போச்சா?" என்றேன். "போச்சு பாஸ்டர்" என்றார்கள். சபையார் அல்லேலூயா சொன்னார்கள்.

மறுவாரம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் அவர்களைக் கண்டேன். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார்கள். "என்னம்மா இது?" என்றேன். "எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. இல்லைன்னா விசுவாசம் இல்லாதவன்னு சொல்வாங்களே பாஸ்டர்" என்று அழுதார்கள். ஒரு தேவபிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது நான்தான்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரியமானவர்களே, சுகத்தை விசுவாசிக்கிற நாம், ஒருவருடைய வலியை நம்புவது அவிசுவாசமா?

1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளுக்கு சிகிச்சை செய்தார். அவர்கள் கையில் ஆழமான காயம் இருக்கும். நரம்பு செத்ததால் வலி தெரியாது. காயம் இருந்தும் வலி இல்லாமல் போகலாம் என்றால், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே வலி இருக்கக் கூடாதா? இருக்கிறது. நாள்பட்ட வலியில் நரம்புகளே உணர்வு மிகுந்துபோய், ஆபத்து இல்லாதபோதும் மணியடித்துக்கொண்டிருக்கலாம். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கமும் 2020-ல் வலிக்குக் கொடுத்த விளக்கத்தோடு, வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியது.

பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். வைத்தியர்களிடம் கையிலிருந்ததெல்லாம் செலவழித்தவள். யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள்; அவசரமான பயணம். ஆனாலும் ஆண்டவர் நின்றார். அவளுக்குச் சுகம் ஏற்கெனவே கிடைத்தாயிற்று. இருந்தும் அவள் உண்மையையெல்லாம் சொல்லும்படி இடம் கொடுத்தார்!

அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் ஜெபிக்குமுன், "எங்க வலிக்குது, எப்போ கூடுது?" என்று கேட்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நம் சபைப் பிள்ளைகளே, சீட்டு எழுதுமுன் அவர்கள் முகத்தைப் பாருங்கள். சொல்லி முடிக்க விடுங்கள்.

சகோதரிக்கு வலி இன்னும் தீரவில்லை. ஜெபிக்கிறோம். பாயில் உட்கார முடியாததால் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். "இன்னைக்கு முடியல பாஸ்டர்" என்று இப்போது பயமில்லாமல் சொல்கிறார்கள். அதுவும் உண்மையுள்ள சாட்சிதான். ஆமென்.