நாணமா, அலட்சியமா?

கடையில் ஒரு மூட்டை அரிசியில் வண்டு கண்டால் அன்றே பிரித்துப் பார்க்கிறோம். ஆண்டு முடிந்தால் ஐந்தொகை போடாமல் நமக்கு உறக்கம் வருவதில்லை. ஆனால், இல்லாளின் உடல்நலத்தைப் பற்றி மட்டும் ஆண்டுக்கணக்கில் கேளாதிருக்கிறோம். காரணம் கேட்டால், "அது பெண்கள் விஷயம், நாணத்துக்குரியது" என்கிறோம். இது நாணந்தானா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எப்போதும் எச்.பி.வி. என்னும் வைரஸினால் வருவது. இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ஸுர் ஹவுஸனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் 13 வயதுச் சிறுமியருக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடும் திட்டம் 2010-இல் தொடங்கியது. மகளுக்குக் காவல் வந்தது, தாய்க்கு?

தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்குமேயன்றி, முன்பே குடிபுகுந்த வைரஸை விரட்டாது. ஆகவே, ஐம்பது வயதுத் தாய்க்குப் பரிசோதனையே முதற்காவல். தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுகொண்டால், கெட்ட பகுதியை மட்டும் நீக்கிப் புற்று வராமலே தடுக்கலாம். மாதவிலக்கு நின்றுவிட்டதால் பயமில்லை என்பது தவறு. நின்றபின் இரத்தம் கண்டாலோ உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

நாணத்தை நாமும் போற்றுகிறோம். பெண் டாக்டரையே கேட்டுப் பார்க்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில், பெண் தானே மறைவாக ஒரு சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். ஆகவே, அந்தச் சாக்கு இனிச் செல்லாது.

இன்னொரு தடையும் உண்டு, ஒளிக்காமல் சொல்வோம். இவ்வைரஸ் ஆண் பெண் உறவினால் பரவுவது. தொற்று உண்டென்று முடிவு வந்தால் "யார் குற்றம்?" என்ற பேச்சு எழுமோ எனப் பெண் அஞ்சுகிறாள். ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் தொற்றும் சாதாரண வைரஸ் இது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பின்னர் தென்படும்; கணவனிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். எவருடைய ஒழுக்கத்துக்கும் எதிராக இது சாட்சியாகாது. இதைக்கொண்டு மனைவியைச் சந்தேகிப்பது பெரும் அநியாயம்.

நாணம் மானத்தைக் காப்பதற்கு, உயிரைக் கைவிடுவதற்கன்று. மனைவி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றிரவு கடையடைத்து வீடு சென்றதும், "பரிசோதனை செய்துகொண்டாயா?" என்று நாமே கேட்போம். இல்லையென்றால், ஒரு முற்பகல் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு உடன் செல்வோம்.