வியத்தலும் வழிபடுதலும்

மெய்ப்பாடுகள் எட்டில் மருட்கையும் ஒன்று என்கிறது தொல்காப்பியம். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்குக் காரணங்கள். பெருமிதம் வேறொரு மெய்ப்பாடு; கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் பிறப்பது. சாலைப் பந்தயத்தில் வெல்லும் சைக்கிளோட்டியிடம் இருப்பது பெருமிதம். அவரைக் காணும் ரசிகரிடம் எழுவது மருட்கை. இந்த மருட்கை எதுவரை தகும், எங்கே அது வழிபாடாக மாறிவிடுகிறது என்பது சமயமும் தத்துவமும் நெடுங்காலம் எண்ணிவரும் கேள்வி.

சிங்கப்பூரில் இக்கேள்விக்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. 2022 முதல், பிரான்சின் மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் பெயரில் மரினா பே வட்டாரத்தில் காட்சிப் பந்தயம் நடந்துவந்தது. 2024 நவம்பர் 10 அன்று அங்கே சைக்கிளோட்டி மார்க் கேவண்டிஷ் தம் வாழ்வின் கடைசிப் பந்தயத்தை ஓட்டி வென்றார். அதே ஆண்டு ஜூலை 3ஆம் நாள் டூரில் அவர் தமது 35ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, முன்னாள் வீரர் எடி மெர்க்ஸின் 34 என்ற எண்ணிக்கையைக் கடந்திருந்தார். நோய், மனச்சோர்வு, 2016க்குப் பின் டூரில் வெற்றியே இல்லாத ஐந்தாண்டுகள், 2023இல் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து பாதியில் விலகியது என எல்லாவற்றையும் தாண்டி வந்தவர் அவர். ரசிகர்கள் வியந்தது கால்களின் வேகத்தை மட்டுமல்ல, விழுந்தவர் எழுந்து வந்ததையும்தான்.

இந்த வியப்பைப் புறநானூற்றின் 192ஆம் பாட்டு கட்டுப்படுத்துகிறது. ஆற்று நீரின் போக்கில் செல்லும் புணையைப் போன்றது உயிர் வாழ்க்கை என்று கண்ட கணியன் பூங்குன்றனார், அதனால் பெரியோரை வியப்பதில்லை என்றும், சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்றும் முடிக்கிறார். சைக்கிள் பந்தயத்துக்கு இவ்வுவமை நேராகப் பொருந்தும். முன்செல்பவரின் பின்னால் ஒட்டி ஓட்டுபவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவதால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சப்படும். கூட்டத்தின் நடுவில் செல்பவரைக் கூட்டமே ஏந்திச் செல்கிறது. டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அவர்களில் பலர் தலைவருக்காகக் காற்றைத் தாங்குவதும் தண்ணீர்ப் புட்டி சுமப்பதுமாகவே மூன்று வாரங்களைக் கழிக்கிறார்கள். பரிசுப் பணத்தை அணியினரோடு பகிர்ந்துகொள்வது அங்கே மரபு. வெற்றி ஒருவரின் பெயரில் எழுதப்பட்டாலும் அது ஒருவருடையது அன்று.

தனி மனிதரையே நம்பிக்கையின் இருப்பிடமாக்கினால் என்ன நேரும் என்பதை லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் காட்டினார். புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூரை வென்றவர் என்று உலகம் போற்றியது. நோயாளிகள் பலர் அவரிடம் தைரியம் பெற்றார்கள். ஊக்கமருந்துப் பயன்பாடு உறுதியானதால் 2012இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அவை வேறு எவருக்கும் வழங்கப்படவில்லை.

அப்படியானால் குறையுள்ளவரைப் போற்றவே கூடாதா? சைவ மரபு அப்படிச் சொல்லவில்லை. சிவாலயங்களில் நாயன்மார் அறுபத்து மூவருக்கும் திருவுருவங்கள் உண்டு. அவர்களில் வேடரும் மீனவரும் குயவரும் வண்ணாரும் இருக்கிறார்கள். குயவரான திருநீலகண்டர் பரத்தையிடம் சென்றவர். தன்னைத் தீண்டக் கூடாது என்று மனைவி இட்ட ஆணையை முதுமை வரை மீறாமல் காத்ததால் நாயன்மாரானார். அவரது பிழை அவர் போற்றப்படும் செயலுக்கு வெளியே நின்றது. பிறகு உண்மையால் கழுவப்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் பொய் போற்றப்பட்ட செயலுக்குள்ளேயே இருந்தது. குறை வேறு, வஞ்சனை வேறு.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தைப்பூசத்தன்று இன்னொரு வகை வியப்பைக் காணலாம். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், பக்தர்கள் காவடி சுமந்து நடக்கிறார்கள். இங்கும் உடல் வருந்துகிறது, விரதமும் பயிற்சியும் உண்டு, இருபுறமும் மக்கள் நிற்கிறார்கள், உறவினர் தண்ணீரும் முக்காலியுமாகக் கூடவே வருகிறார்கள். ஆனால் முதலில் வந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பார்ப்பவரின் வியப்பு காவடி எடுத்தவரிடம் தங்கிவிடாமல் அவரைக் கடந்து முருகனிடம் சேர்கிறது. பக்தியின் இலக்கணம் இது: போற்றப்படுபவர் வாசலாக இருக்கிறார், கருவறையாக அல்ல.

விளையாட்டு வீரர் மீதான மதிப்பையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். அது வீரரைக் கடந்து, அவர் வெளிப்படுத்திய பொறுமை, துணிவு, பகிர்தல் ஆகிய பண்புகளைச் சென்றடைந்தால் நல்ல வியப்பு. அவரிடமே தேங்கிவிட்டால், அவர் வீழும்போது அதுவும் வீழும். பூங்குன்றனார் மறுத்த வியப்பும் தேங்கிநிற்கும் இவ்வியப்பே என்று கொள்ளலாம். சிறியோரை இகழாத அவர் பாட்டின் கடைசி அடியே இதற்குச் சோதனை: வென்றவரை வியந்தவர், அவருக்காகக் காற்றைத் தாங்கியவரையும் கடைசியாக எல்லைக்கோட்டைத் தொட்டவரையும் அதே கண்ணால் பார்க்கிறாரா? மருட்கையின் காரணங்களில் பெருமையோடு சிறுமையையும் சேர்த்துவைத்த தொல்காப்பியம், அத்தகைய பார்வைக்கும் இடம் தந்திருக்கிறது.