பட்டினியும் ஒரு சரக்கா?

நாம் வாழும் இந்த நாட்டில் உணவுக்குப் பஞ்சமில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குத் தெருவில் இறங்கினாலும் கல்லில் ரொட்டி போடும் ஓசை கேட்கும். தே தாரிக் நுரையோடு மேசைக்கு வரும். அந்தக் கடைகளில் பல நம்மவர் நடத்துகிறவை என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. இப்படிப்பட்ட ஊரிலே கைக்காசைக் கொடுத்துப் பட்டினியை விலைக்கு வாங்குகிறவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள் என்றால், அதைப் பற்றிச் சிறிது யோசிப்பது நம் கடமையாகிறது. ஏனெனில் வாங்குகிறவர் நம் வாடிக்கைக்காரர். விற்கிறவரோ பல இடங்களில் நம்மவரே.

‘பத்தே நாளில் பத்துக் கிலோ’ என்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. ஒரு நாளைக்கு 500 கலோரிக்கு மேல் கூடாது என்பார் ஒருவர். மாவைத் தண்ணீரில் கரைத்து மூன்று வேளையும் அதையே குடி என்பார் இன்னொருவர். பாலில்லாக் காப்பியும் வெள்ளரிக்காயும் போதும் என்பவரும் உண்டு. நாளொன்றுக்கு 800 கலோரியும் அதற்குக் குறைந்ததுமான சாப்பாட்டை வைத்தியர்கள் தனி வகையாகவே ஒதுக்கி, தங்கள் மேற்பார்வையில்தான் அது நடக்கவேண்டும் என்கிறார்கள். கலோரி என்னும் சொல் விளங்காதவர்களுக்கு நம் கடைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. டின்பால் ஊற்றி ஆற்றிய ஒரு தே தாரிக்கையும் சேர்த்தால் 500-ஐ நெருங்கிவிடும். ஆகவே 500 கலோரிக்காரர் காலையில் ஒரு ரொட்டியும் ஒரு தேயும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை வரையில் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உடல் பருமன் நல்லது என்று நாம் வாதாட வரவில்லை. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி வயது வந்தவர்களில் 54.4 சதவீதத்தினர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள், 15.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டும் வரையில் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திராத நம் முதலாளிமார்களின் வயிற்றைப் பார்த்தால் இதற்கு ஆய்வே வேண்டியதில்லை. வயிற்றை மூன்று பங்காக்கி ஒரு பங்குக்கே உணவு என்ற கணக்கை மதரஸாவில் ஓதிய சிறு பிள்ளையும் அறியும். ஓதினோம், நாசி கண்டார் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மூன்று பங்கும் உணவுக்கே என்று தீர்ப்புச் செய்துகொள்வது வழக்கமாகிவிட்டது. எனவே எடையைக் குறைக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எப்படி, எதற்காக, யார் சொல்லக் கேட்டு என்பதிலேதான் தகராறு.

முதலில் அந்தப் ‘பத்து நாள், பத்துக் கிலோ’வை வியாபாரிகளாகிய நாம் நிறுத்துப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பது கணக்கு. தினம் 2,000 கலோரி செலவழிக்கும் ஒருவர் 500 மட்டும் உண்டால் துண்டு விழுவது 1,500. பத்து நாளைக்கு 15,000. ஆக, கரையக்கூடிய கொழுப்பு இரண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட. ஒரு பருக்கைகூட உண்ணாமல் கிடந்தாலும் மூன்று கிலோவை எட்டாது. அப்படியானால் தராசு காட்டும் மீதிக் கிலோக்கள் எங்கே போயின? பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்புக் கரைந்ததும் தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. சாப்பாடு திரும்பியதும் அதுவும் திரும்பிவிடும். தராசு பொய் சொல்லவில்லை. நிறுத்த சரக்குத்தான் வேறு. ஈர வெங்காயத்தை எடைபோட்டு விற்றவனைப் பற்றி நாம் என்ன சொல்வோமோ அதையே இந்த விளம்பரக்காரரைப் பற்றியும் சொல்லலாம்.

போனது தண்ணீர் மட்டுமானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வரவு திடீரென்று நின்ற கடையில் என்ன நடக்கும்? முதலில் கையிருப்புச் சரக்கை விற்றுச் சாப்பிடுவார்கள். பிறகு அலமாரியையும் மேசையையும் விற்பார்கள். உடம்பும் அவ்வாறே செய்கிறது. கொழுப்பு சரக்கென்றால் தசை அலமாரி. இருதயமும் ஒரு தசைதான் என்பதைப் பட்டினி கிடப்பவர் நினைப்பதில்லை. வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவதும், இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறைந்து இருதயத் துடிப்பு தாறுமாறாவதும் வைத்தியர்கள் நன்கறிந்த ஆபத்துகள்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் திரவப் புரதம் என்ற பெயரில் ஒரு மோகம் கிளம்பிற்று. வேறெதுவும் உண்ணாமல் நாளெல்லாம் அதையே குடிக்கவேண்டும். 300, 400 கலோரிதான் தேறும். அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது தெரியுமா? மாட்டுத் தோலையும் நரம்பையும் காய்ச்சி எடுத்த கூழிலிருந்து. லட்சக்கணக்கானவர் குடித்தார்கள். 1977-லும் அடுத்த ஆண்டிலுமாக ஏறக்குறைய 60 மரணங்கள் பற்றி அந்நாட்டு அரசாங்கத்துக்குத் தகவல் வந்தது. அவர்களில் வேறு நோய் ஏதும் இல்லாத பெண்களும் இருந்தனர். இருதயம் துடிப்புத் தவறி நின்றிருந்தது.

பட்டினி மனத்தை என்ன செய்கிறது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களுக்கு எப்படி உணவளித்துத் தேற்றுவது என்று கண்டறிய, 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போர்புரிய மனச்சாட்சி இடந்தராத 36 வாலிபர்கள் தாமே முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்று விற்கும் திட்டங்களைப் போல மூன்று மடங்கு! அதற்கே அந்த வாலிபர்கள் துவண்டார்கள், எரிந்து விழுந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள். நாள் முழுதும் சாப்பாட்டு நினைவே. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தவர்களும் அவர்களில் உண்டு. சோதனை முடிந்த பிறகு எவ்வளவு தின்றாலும் வயிறு நிறையவில்லை என்றார்கள். நஃப்ஸை அடக்கப் பட்டினி கிடக்கிறேன் என்பவர் இதைக் கவனிக்க வேண்டும். அளவு கடந்த பட்டினி நஃப்ஸை அடக்குவதில்லை; அதைச் சோற்றுப் பானையின் காவலில் உட்கார வைத்துவிடுகிறது.

“ரமலானில் முப்பது நாள் பட்டினி கிடக்கிறோமே, அது மட்டும் என்ன?” என்று நம் இளைஞர் ஒருவர் கேட்டார். கேட்கத்தக்க கேள்வி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால் நோன்புக்கு மஃரிப் உண்டு. பாங்கு சொன்னதும் தாமதியாமல் பேரீச்சம்பழத்தை வாயில் இடவேண்டும். பள்ளியில் கஞ்சி காத்திருக்கிறது. சஹர் உணவை விடாதே என்கிறது மார்க்கம். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தருகிறது. நோன்பு திறக்காமல் இரவும் பகலுமாகத் தொடர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நம்மவர்க்குத் தடுத்தார்கள். வணக்கத்திலேயே உடம்பை வதைத்துக்கொண்ட தோழர்களிடம், உடம்புக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்தை எடுத்துச் சொன்னதும் நாம் அறிந்ததே. ஆண்டவனுக்காகச் செய்யும் பட்டினிக்கே இத்தனை வேலி போட்டிருக்க, நிலைக்கண்ணாடிக்காகச் செய்யும் பட்டினிக்கு ஒரு வேலியும் இல்லை. எத்தனை கிலோ குறைந்தாலும் கண்ணாடி போதும் என்று சொல்லாது. அதற்கு மஃரிப் ஆகிறதே இல்லை.

‘என் உடம்பு, என் பட்டினி, உமக்கென்ன?’ என்று கேட்பாரும் உளர். உடம்பு நமக்கு வந்த அமானத். கொடுத்தவன் கணக்குக் கேட்பான் என்று நம்புகிற நாம் அதை ஒப்ப முடியாது. அந்த நம்பிக்கை இல்லாதவரிடமும் ஒன்று கேட்கலாம். அந்தப் பட்டினி உம்முடைய விருப்பத்தில்தான் பிறந்ததா? நம் வீடுகளில் நடப்பதையே பாருங்கள். பெண் பார்க்க வருகிறார்கள். பிரியாணியை வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டபடியே, “பெண் குணம் நல்லதுதான், உடம்புதான் கொஞ்சம் தடிப்பு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொல் தட்டியோடு நிற்பதில்லை, உள்ளே போகிறது. அன்று இரவிலிருந்து அந்தப் பிள்ளை தட்டைத் தள்ளி வைக்கிறது. நிக்காஹ் நாளில் தலை சுற்றுகிறது, முடி கொட்டுகிறது. உம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறாள். மாப்பிள்ளையின் வயிற்றை அளந்து பார்த்தவர் யாரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு; மறைத்தால் அது நியாயம் ஆகாது. மிகக் குறைந்த கலோரி உணவால் நீரிழிவையே பின்வாங்கச் செய்யலாம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியாயிற்று. நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுக்கு மேற்படாத, இன்சுலின் போடாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் 825 முதல் 853 கலோரி கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 149 பேரில் 68 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அங்கே முதல் நாளிலேயே வைத்தியர்கள் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தினார்கள், இடைவிடாது கண்காணித்தார்கள், பிறகு வழக்கமான சாப்பாட்டைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பின்பாதி நம்மவர் காதில் விழுவதில்லை. நம் தெருவில் ஒரு சகோதரர் 800 கலோரி என்ற முன்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, மாத்திரையை வழக்கம்போல் போட்டு வந்தார். நான்காம் நாள் பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டிக் கல்லாவிலேயே சாய்ந்தார். கடைப் பையன் புத்திசாலி. சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினான். முதலாளி எழுந்ததும் முதலில் கேட்டது, “எவ்வளவு சீனி போட்டாய்?” என்பதுதான்.

இனி விற்கிறவர் பக்கம் வருவோம். 2002-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இளைப்பதற்கென்று சீனாவிலிருந்து வந்த மாத்திரையைத் தின்று தொலைக்காட்சி நடிகை ஒருவரின் ஈரல் கெட்டது; அவரை மணக்க இருந்தவர் தம் ஈரலில் ஒரு பாதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். அதே மாத்திரையைத் தின்ற வேறொரு பெண்மணி மாண்டு போனார். மாத்திரையில் சொல்லாத மருந்து கலந்திருந்தது. வழக்கு நடந்தது. 2003-இல் உயர்நீதிமன்றம் இறக்குமதி செய்தவரையும் விநியோகித்தவரையும் பொறுப்பாளியாக்கிற்று. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் விநியோகித்தவர் தப்பவில்லை. நான் செய்யவில்லை, வாங்கித்தானே விற்றேன் என்பது எடுபடவில்லை. இருதயத்துக்கு ஆபத்தென்று 2010-இல் விலக்கிய சிபுட்ரமின் என்ற மருந்து, அதன் பிறகும் இளைக்கும் காப்பிப் பொட்டலங்களில் கலந்திருக்கக் கண்டு இரு நாட்டு அதிகாரிகளும் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். தானியக் குவியலின் அடியில் இருந்த ஈரத்தை மேலே வைத்துக் காட்டச் சொன்ன சந்தை ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. நீதிமன்றம்தான் பிறகு வந்தது.

சென்ற மாதம் நம் கடைக்கும் ஓர் ஏஜெண்டு அப்படிப்பட்ட காப்பியோடு வந்தார். பெட்டிக்கு 40 வெள்ளி லாபம் என்றார். பதிவு எண் எங்கே, சர்க்கரை வியாதிக்காரர் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் பாய், நீங்கள் மூட்டை மூட்டையாகச் சீனி விற்கிறீர்களே, டின்பால் விற்கிறீர்களே, அதைத் தின்று சாகிறவன் இல்லையா?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. சீனி மூட்டையின் மேல் சீனி என்றே எழுதியிருக்கிறது, அளவு வாங்குகிறவர் கையில் இருக்கிறது என்று நாம் பதில் சொன்னோம். அது சரியான பதில்தான். முழுப் பதிலா என்பதை அன்று இரவு ஐந்தொகை போடும்போது நினைத்துக்கொண்டே இருந்தோம். பால் விற்பனைதான் எல்லாவற்றிலும் அதிகமாக இருந்தது.

ஏஜெண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது அந்தக் காப்பி எதிர்க்கடையில், பிஸ்கட் டின்களுக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி அடுக்கியிருக்கிறது. அந்தக் கடைக்காரரும் நம் சங்கத்து உறுப்பினர்தான்; இந்த இதழ் அவருக்கும் போகும்.